மணலை அளந்த கால்வாய்

ஆறு நீரை மட்டும் கொண்டுசெல்வதில்லை. மணலையும் சரளையையும் உருட்டிக்கொண்டு போகிறது. எவ்வளவு உருட்டும் என்பதை முன்கூட்டியே கணக்கிட முடியுமா? நீர்த்தேக்கம் எத்தனை ஆண்டுகளில் தூர்ந்துபோகும் என்பதும், பாலத்தூணின் அடி அரிக்கப்படுமா என்பதும் இக்கணக்கைப் பொறுத்தவை. அதன் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கலிபோர்னியாவில், பீறிடும் நீரால் குன்றுகளைக் கரைத்துத் தங்கம் எடுத்தார்கள். கரைந்த மண்ணும் கல்லும் ஆறுகளை மேடாக்கின; வெள்ளம் வயல்களில் பாய்ந்தது. கழிவை ஆற்றில் விடுவதற்கு 1884-இல் நீதிமன்றம் தடை விதித்தது. ஆனால் முன்பே குவிந்த மணல் என்ன ஆகும்? இதை ஆராய முன்வந்தவர் குரோவ் கார்ல் கில்பர்ட் என்னும் நிலவியல் அறிஞர்.

அவர் 1907 முதல் 1909 வரை பெர்க்லியில் மரத்தாலான சோதனைக் கால்வாய்களில் நீரை ஓடவிட்டார். நீரின் அளவையும், சரிவையும், மணலின் பருமனையும் மாற்றி மாற்றி, அடித்துச் செல்லப்பட்ட மணலை அளந்தார். 1914-இல் வெளிவந்த நூலில், கால்வாயில் கண்ட விதிகளை அப்படியே பேராற்றுக்குப் பொருத்த இயலவில்லை என்று ஒளிவுமறைவின்றி எழுதினார். எனினும், எடுத்த அளவுகளையெல்லாம் அட்டவணைகளாக அச்சிட்டார்.

1948-இல் சூரிச் நகரின் மேயர்-பீட்டர், முல்லர் இருவரும் ஒரு சூத்திரம் வெளியிட்டனர். ஓடும் நீர் படுகையை இழுக்கும் விசை ஓர் எல்லையைத் தாண்டினாலன்றி மணல் நகராது. தாண்டிய பின்னரோ விரைந்து பெருகும் என்பது அதன் சாரம். தங்கள் கால்வாய்ச் சோதனைகளோடு கில்பர்ட்டின் அளவுகளையும் அவர்கள் பயன்படுத்தினர். சூத்திரத்தின் குணகம் 8. படுகையின் மேடுபள்ளங்கள் விசையில் ஒரு பகுதியை விழுங்கிவிடும் என்று கருதி, அதற்கான ஒரு திருத்தத்தையும் சேர்த்திருந்தனர்.

உலகெங்கும் பொறியாளர் இதைக் கையாண்டனர். 2006-இல் மிகெல் வாங், கேரி பார்க்கர் ஆகிய இருவர் அதே பழைய அளவுகளை மீண்டும் சோதித்தனர். அச்சோதனைகளில் படுகை சமதளமாகவே இருந்ததால் அத்திருத்தம் தேவையற்றது என்றும், அதை நீக்கினால் குணகம் 3.97 ஆகிவிடும் என்றும் கண்டனர். திருத்தத்தை விட்டுவிட்டு, 8 என்ற எண்ணை மட்டும் வைத்துக் கணக்கிட்டவர்களுக்கு மணலின் அளவு ஏறத்தாழ இருமடங்காகக் கிடைத்திருக்கும்!

மாணவ நண்பர்களே! சூத்திரம் எவ்வளவு புகழ்பெற்றதாயினும் அளவையே அதற்கு உரைகல். கில்பர்ட் தம் முடிவுகளை மட்டும் எழுதி, அளவுகளை எழுதாது விட்டிருந்தால், 92 ஆண்டுகளுக்குப் பின் வந்தவர்கள் எதைக்கொண்டு உரைத்துப் பார்த்திருப்பார்கள்? நீங்கள் ஆய்வுக்கூடத்தில் எடுக்கும் அளவுகளை, நீங்கள் எதிர்பார்த்த விடை வராதபோதும், அழிக்காமல் எழுதி வையுங்கள்.