கல்லுக்குள் இருந்த பசுமை



ஓரேப் மலையின் குகையில் எலியா தீர்க்கதரிசி ஏறெடுத்த முறையீட்டை நீங்கள் அறிவீர்கள். உண்மையுள்ளவர்கள் யாவரும் அற்றுப்போனார்கள், தான் ஒருவனே மீந்திருப்பதாக அவர் எண்ணினார். அவருக்குக் கிடைத்த மறுமொழியில் ஓர் எண் இருந்தது: ஏழாயிரம் பேர். எலியாவின் கணக்கில் அவர்கள் இல்லை. ஆனால் தேசத்தில் இருந்தார்கள். இதையொத்த ஒரு பிழைக்கணக்கு அண்டார்டிக்கா கண்டத்தின் வரலாற்றிலும் உண்டு. அது திருத்தப்பட எழுபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. இவ்வாரம் அந்த வரலாற்றைத் தியானிப்போம்.

1903ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், ஆங்கிலேயப் பயணி இராபர்ட் ஃபால்கன் ஸ்காட் இரண்டு தோழர்களோடு பனிப்பீடபூமியிலிருந்து இறங்கி வந்தார். வழியில் பனியே இல்லாத ஒரு பள்ளத்தாக்கு அவர்கள் முன் விரிந்தது. டெய்லர் பள்ளத்தாக்கு என்று இன்று அதற்குப் பெயர். அங்கே உயிருள்ளது ஒன்றையும், ஒரு பாசியைக்கூடத் தாங்கள் காணவில்லை என்று ஸ்காட் எழுதிவைத்தார். அவர்கள் கண்டது, எப்படியோ அங்கு வந்து மடிந்த ஒரு சீலின் எலும்புக்கூடு மட்டுமே. மரித்தோரின் பள்ளத்தாக்காகவே அது அவருக்குத் தோன்றியது.

அப்படித் தோன்றியதில் வியப்பில்லை. மக்மர்டோ உலர் பள்ளத்தாக்குகள் எனப்படும் அந்நிலப்பகுதிக்குள் உட்பகுதிப் பனி பாய்ந்து வராதபடி மலைத்தொடர் தடுத்து நிற்கிறது. பெய்யும் பனியை நீராகக் கணக்கிட்டால் ஆண்டுக்கு 100 மில்லிமீட்டருக்கும் குறைவு. அதிலும் பெரும்பகுதியை உலர்ந்த காற்று உருகுமுன்னே உறிஞ்சிவிடுகிறது. ஆண்டுச் சராசரி வெப்பநிலை உறைநிலைக்குப் பல பாகை கீழே இருக்கும்.

பின்னாளில் அறிவியலாளரும் அங்கே சென்றார்கள். செவ்வாய்க் கோளுக்கு வைக்கிங் விண்கலங்களை அனுப்ப நாசா ஆயத்தமான காலம் அது. பூமியில் செவ்வாயை ஒத்த இடம் இந்தப் பள்ளத்தாக்குகளே என்று கருதி, மண்ணை அள்ளி ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பார்த்தார்கள். சில மாதிரிகளில் ஒன்றும் முளைக்கவில்லை. அந்த மண்ணுக்கென்று சொந்தமான உயிர் எதுவுமில்லை என்று நார்மன் ஹொரோவிட்ஸ் போன்ற சிறந்த ஆய்வாளர்கள் வாதிட்டனர்.

இதை ஏற்க மறுத்தவர் உல்ஃப் விஷ்னியாக் என்னும் நுண்ணுயிரியலாளர். வைக்கிங் கலத்தில் வைத்துச் செவ்வாயில் உயிரைத் தேடுவதற்கென அவர் பல ஆண்டுகள் உழைத்து ஒரு கருவியை உருவாக்கியிருந்தார். 1972இல், செலவைக் குறைப்பதற்காக, அந்தக் கருவி திட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. அவரோ தம் கேள்வியை விட்டுவிடாமல் 1973இல் மறுபடியும் அண்டார்டிக்கா சென்றார். அவ்வாண்டு டிசம்பர் 10 அன்று, மலைச்சரிவில் தாம் வைத்திருந்த மாதிரிகளை எடுக்கத் தனியே போனவர் தவறி விழுந்து உயிரிழந்தார்.

அவர் விட்டுச்சென்ற பொருட்களில் சில கற்கள் இருந்தன. இம்ரே ஃப்ரீட்மன் என்ற ஆய்வாளர் அவரிடம் கற்களைக் கொண்டுவரக் கேட்டிருந்தார். நெகேவ் பாலைவனத்துப் பாறைகளுக்குள் நுண்ணிய பாசிகள் வாழ்வதை ஃப்ரீட்மன் 1960களில் கண்டறிந்தவர். விஷ்னியாக்கின் மனைவி ஹெலன் அந்தக் கற்களை அவரிடம் சேர்ப்பித்தார். கணவனை இழந்த துயரத்தின் நடுவில், கணவன் ஒருவருக்குச் செய்யவிருந்த சிறு உதவியை அந்த அம்மையார் மறக்கவில்லை.

கற்கள் உடைக்கப்பட்டன. மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே உயிர் இருந்தது. ஃப்ரீட்மனும், அவருடைய மனைவியும் சக ஆய்வாளருமான ரோசெலி ஒகாம்போவும் 1976இல் இதை 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். வைக்கிங் கலங்கள் செவ்வாயில் இறங்கியதும் அதே ஆண்டில்தான்.

'கல்லுக்குள் தேரை' என்று நம் முன்னோர் சொல்லுவார்கள். இங்கே கல்லுக்குள் இருப்பது தேரையன்று. நீலப்பசும்பாசிகளும், பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் லைக்கன்களும். அந்த மணற்பாறையின் துகள்களுக்கிடையே நுண்ணிய இடைவெளிகள் உண்டு. மேற்பரப்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குள் அவை அங்கே குடியிருக்கின்றன. லைக்கன் வாழும் கல்லை உடைத்தால் மேலே கறுப்பு, அதன்கீழ் வெள்ளை, அதற்கும் கீழே பச்சை எனப் பட்டைகள் தெரியும். துகள்களின் ஊடாகக் கசியும் மங்கலான ஒளியே அவற்றின் உணவுக்குப் போதும். கோடை வெயிலில் பாறை காற்றைவிட வெப்பமடையும்போது அதன்மேல் கிடக்கும் பனி உருகி உள்ளே இறங்குகிறது. ஆண்டின் 8,760 மணி நேரத்தில், அவை விழித்து இயங்குவது சில நூறு மணி நேரம், மிஞ்சினால் ஆயிரம். மற்ற நேரமெல்லாம் உறைந்து காத்திருக்கின்றன. ஆகவே அவற்றின் வளர்ச்சி மிக மெதுவானது. அதை ஆயிரம் ஆண்டுகள் என்னும் அளவுகோலால்தான் அளக்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த உயிர்கள் வெளியே ஓர் அடையாளமும் காட்டாமல் இருக்கவில்லை. லைக்கன் பாறைத் துகள்களைப் பிணைக்கும் பொருளைக் கரைப்பதால் மேற்பரப்பு சிறுசிறு செதிள்களாக உதிர்கிறது. கல்லின் நிறம் திட்டுத்திட்டாக மாறுகிறது. பார்த்தவர்கள் அதைக் குளிரும் காற்றும் அரித்த தழும்பு என்று எண்ணிக் கடந்திருக்கலாம். அறிந்தவர்களுக்கோ அதுவே வாசலிலிட்ட கோலம். உள்ளே குடியிருக்கிறார்கள் என்பதற்கு அடையாளம்.

அன்பானவர்களே, ஸ்காட் பொய் எழுதவில்லை. தாம் கண்டதை உண்மையாய் எழுதினார். மண்ணைச் சோதித்தவர்களும் நேர்மையாகவே சோதித்தார்கள். ஆனால் 'நான் காணவில்லை' என்பதிலிருந்து 'இங்கே இல்லை' என்பதற்குச் செல்லும் அந்த ஓரடியில்தான் இடறல் நேர்ந்தது. அதே அடியை நாமும் எத்தனை எளிதாக எடுத்து வைக்கிறோம்! பல ஆண்டுகளாய் ஆலயத்துக்கு வராத மகனைக் குறித்து, 'அவனுக்குள் ஒன்றுமில்லை' என்கிறோம். பேச்சை நிறுத்திக்கொண்ட சகோதரனைக் குறித்து, 'அவர் மனம் கல்' என்கிறோம். அவர்கள் பேசும் ஓரிரு கடுஞ்சொற்களை வறட்சியின் தழும்பாகவே எண்ணிக்கொள்கிறோம். அது உள்ளே இன்னும் உயிரோடிருக்கும் ஒன்றின் அடையாளமாயும் இருக்கக் கூடுமல்லவா?

எல்லாக் கல்லிலும் பசுமை இருக்கும் என்று நான் சொல்லவில்லை, அண்டார்டிக்காவிலும் அப்படியில்லை. உடைத்துப் பாராத கல்லைக் குறித்துத் தீர்ப்புச் சொல்லாதிருப்போம் என்றே சொல்லுகிறேன். விஷ்னியாக் அந்தப் பச்சைப் பட்டையைக் காணாமலே மரித்தார். அவர் எடுத்து வைத்த கல்லை இன்னொருவர் கொண்டு சேர்த்தார், மூன்றாமவர் கண்டார். உங்கள் ஜெபத்தின் பலனையும் நீங்களே காண்பீர்கள் என்பது நிச்சயமில்லை. ஆயினும் நீங்கள் 'மரித்தது' என்று எழுதி மூடிவைத்த ஒரு பெயர் இருக்குமானால், இவ்வாரம் அவரை ஒருமுறை போய்ப் பாருங்கள்.