துருவே துருவுக்குக் காவல்! பழைய பிஸ்டலுக்கு மறுவாழ்வு கொடுக்கும் 'ரஸ்ட் ப்ளூயிங்'

போருக்குப் போய் வந்த தாத்தாவின் டிரங்க் பெட்டி. அதன் அடியில் துணியில் சுற்றிய ஒரு பழைய பிஸ்டல். அமெரிக்காவில் பல குடும்பங்களில் நடக்கிற விஷயம்தான் இது. இரண்டு உலகப் போர்களிலும் ஐரோப்பாவுக்குப் போன அமெரிக்க வீரர்கள், நினைவுப்பொருளாக ஊருக்கு எடுத்து வந்தவற்றில் ஜெர்மனியின் 'லூகர்' பிஸ்டலுக்குத் தனி மவுசு. ஜார்ஜ் லூகர் வடிவமைத்த இந்த பிஸ்டலை ஜெர்மன் ராணுவம் 1908-ல் ஏற்றுக்கொண்டது. அதனால்தான் அதற்கு 'பி 08' என்ற பெயரும் உண்டு.

பல வருஷம் பரணில் கிடந்தால் என்ன ஆகும்? கருநீலமாக மின்னிய இரும்பில் செம்மண் அப்பியது மாதிரி துரு பிடித்திருக்கும். பார்த்ததும், 'உப்புத்தாளை எடுத்து நல்லா ஒரு தேய் தேய்ச்சா பளபளன்னு ஆயிடுமே' என்றுதான் யாருக்கும் தோன்றும். அந்தத் தேய்ப்பில் துருவோடு சேர்ந்து, நூறு வருஷப் பழைமையும் போய்விடும். அதற்கு பதிலாக, துருவை வைத்தே இரும்பைக் காப்பாற்றும் ஒரு பழைய முறை இருக்கிறது. அதன் பெயர் 'ரஸ்ட் ப்ளூயிங்'. அது எப்படி வேலை செய்கிறது, எப்போது செய்யலாம், எப்போது செய்யவே கூடாது என்று பார்ப்போம்.

சிவப்புத் துரு, கறுப்புத் துரு

துருவில் இரண்டு வகை உண்டு. நம் வீட்டு கேட்டிலும் ஜன்னல் கம்பியிலும் பார்ப்பது சிவப்புத் துரு. இது பஞ்சு மாதிரி. காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு, கீழே இருக்கும் இரும்பைத் தொடர்ந்து தின்னும். உதிர உதிர, உள்ளே புதுசாகப் பிடிக்கும்.

இன்னொன்று கறுப்புத் துரு. வேதியியலில் இதை 'மேக்னடைட்' என்பார்கள். இது இரும்போடு ஒட்டிக்கொண்டு கெட்டியான, மெல்லிய படலமாக நிற்கும். உதிராது. எண்ணெயையும் நன்றாகப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

சிவப்புத் துருவைக் கறுப்புத் துருவாக மாற்ற என்ன வேண்டும்? கொதிக்கிற தண்ணீர்! ஆமாம், அவ்வளவுதான். மெல்லிய சிவப்புத் துரு பிடித்த இரும்பைக் கொதிக்கும் நீரில் போட்டால், சில நிமிடங்களில் கறுப்பாகிவிடும். ரஸ்ட் ப்ளூயிங்கின் மொத்த ரகசியமும் இதில் அடங்கிவிடுகிறது. வேண்டுமென்றே மெல்லிசாகத் துரு பிடிக்கவைத்து, அதைக் கொதிக்கவைத்துக் கறுப்பாக்கி, மேலே உதிர்வதைத் துடைத்துவிட்டு, மறுபடி துரு பிடிக்கவைப்பது. இப்படி அடுக்கடுக்காகச் செய்யும்போது கிடைப்பதுதான் அந்த ஆழமான கருநீலம்.

முதலில் கொதிக்கவிடுங்கள், பிறகு முடிவெடுங்கள்

பழைய துப்பாக்கி சேகரிப்பவர்கள் அடிக்கடி சொல்வது, 'அசல் பூச்சு ஒரு தடவைதான்' என்பது. தேய்ந்துபோன அசல் பூச்சுக்கு இருக்கும் மதிப்பு, புதிதாக மின்னும் மறுபூச்சுக்குக் கிடையாது. லூகரில் இது இன்னும் நுணுக்கமான விஷயம். 1937 வாக்கில்தான் மாஸர் நிறுவனம் லூகருக்கு உப்புக் கரைசலில் முக்கும் முறைக்கு மாறியது. அதற்கு முன் வந்தவை ரஸ்ட் ப்ளூயிங் செய்யப்பட்டவை. அந்தப் பழைய லூகர்களில் ட்ரிகர் போன்ற சில சின்னப் பாகங்கள் கறுப்பாக இருக்காது. சூடுபடுத்தி வைக்கோல் நிறத்துக்குக் கொண்டுவந்திருப்பார்கள். இது தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே கறுப்பாக்கினால், தெரிந்தவர்கள் பார்த்த மாத்திரத்தில் 'இது கை வெச்ச பீஸ்' என்று சொல்லிவிடுவார்கள்.

அதனால்தான், பூச்சை முழுசாகச் சுரண்டி எடுப்பதற்கு முன் ஒரு வழியை முயற்சி செய்து பார்க்கச் சொல்கிறார்கள். புதிதாகத் துரு பிடிக்கவைக்க வேண்டாம். ஏற்கெனவே இருக்கும் துருவையே கறுப்பாக மாற்றிவிடலாம். பாகங்களைத் தனித்தனியாகக் கழற்றி, எண்ணெய்ப் பிசுக்கை எடுத்து, 15-20 நிமிடங்கள் கொதிக்கும் நீரில் வைக்க வேண்டும். சிவப்பு, கறுப்பாகும். மேலே புசுபுசுவென நிற்கும் கறுப்புப் பொடியை மென்மையான கம்பி பிரஷ்ஷால் துடைத்தால், அதன் கீழே இருக்கும் அசல் நீலப் பூச்சு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று தெரியும். எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே மிஞ்சியிருந்தால், எண்ணெய் தடவி அங்கேயே நிறுத்திவிடலாம். பழைய ஆயுதங்களைப் பராமரிக்கும் வீடியோக்களுக்காக அறியப்பட்ட அமெரிக்க கன்ஸ்மித் மார்க் நோவாக் பிரபலப்படுத்தியதும் இந்த அணுகுமுறையைத்தான்.

மரக் கைப்பிடியைக் கழற்றாமல் தண்ணீரில் போடக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஸ்ப்ரிங்கின் விறைப்பு போய்விடுமோ என்ற பயம் வேண்டாம். எஃகின் குணம் மாற அதைவிட அதிகச் சூடு தேவை.

முழு ரஸ்ட் ப்ளூயிங்: படிப்படியாக

அசல் பூச்சு என்று எதுவுமே மிச்சமில்லை, சேகரிப்பு மதிப்பும் இல்லை என்றால் மட்டும்தான் முழு வேலையில் இறங்க வேண்டும்.

1. பாதுகாப்பு: மேகசினைக் கழற்றி, சேம்பரில் தோட்டா இல்லை என்று கண்ணால் பார்த்தும் விரலால் தொட்டும் உறுதிசெய்வது முதல் வேலை. பெட்டியில் பல வருஷம் கிடந்தது என்பதற்காகக் காலியாகத்தான் இருக்கும் என்று நம்பவே கூடாது.

2. தேய்ப்பது: 320 அல்லது 400 நம்பர் உப்புத்தாளை ஒரு கட்டையில் சுற்றிக் கையால் தேய்க்கிறார்கள். மெஷின் பஃபிங் சக்கரத்தைப் பயன்படுத்தினால் கூரான விளிம்புகள் மழுங்கிவிடும், பொறித்த எழுத்துகள் கரைந்துவிடும். கண்ணாடி மாதிரி பளபளப்பாக்கவும் தேவையில்லை. துரு சமமாகப் பிடிக்கக் கொஞ்சம் சொரசொரப்பு வேண்டும். சீரியல் எண் இருக்கும் இடத்தில் கூடுதல் கவனம் தேவை. சீரியல் எண் அழிக்கப்பட்ட துப்பாக்கியை வைத்திருப்பது அமெரிக்கச் சட்டப்படி குற்றம்.

3. பிசுக்கு எடுப்பது: வேலை சொதப்புவதற்கு முக்கியக் காரணமே இந்தப் படிதான். அசிட்டோனால் துடைத்து, பிறகு சோப்புக் கலந்த வெந்நீரில் கழுவ வேண்டும். அதன் பிறகு வெறும் கையால் தொடவே கூடாது, கையுறை கட்டாயம். ஒரு கைரேகை பட்டாலும் அந்த இடத்தில் துரு சரியாகப் பிடிக்காது. கடைசியில் திட்டாகத் தெரியும். அசிட்டோன் எளிதில் தீப்பிடிக்கும் என்பதால், அடுப்பு எரியும் அறையில் அதைத் திறக்கக் கூடாது.

4. கரைசல் தடவுவது: இதற்கென்றே 'பில்கிங்டன்', 'லாரல் மவுன்டன் ஃபோர்ஜ்' போன்ற பெயர்களில் கரைசல்கள் அங்கே கிடைக்கின்றன. பஞ்சை நனைத்து, நன்றாகப் பிழிந்துவிட்டு, ஒரே இழுப்பில் மெல்லிசாகத் தடவ வேண்டும். தடவிய இடத்தில் திரும்பத் தடவினால் கோடு விழும். குழலின் இரண்டு முனைகளையும் மரத்தக்கையால் அடைத்துவிடுவார்கள், இல்லாவிட்டால் உள்ளேயும் துரு பிடிக்கும். பழைய புத்தகங்களில் வரும் சில கலவைகளில் பாதரச உப்பும் நைட்ரிக் அமிலமும் சேர்ப்பார்கள். அவை விஷம். வீட்டில் முயற்சிக்கவே கூடாது.

5. துரு பிடிக்கவைப்பது: ஒரு மரப்பெட்டி, அதற்குள் ஒரு பாத்திரத்தில் வெந்நீர். இதை 'ஈரப்பெட்டி' என்று சொல்லலாம். கரைசலையும் ஈரப்பதத்தையும் பொறுத்து சில மணி நேரத்திலிருந்து அரை நாள் வரை ஆகும். வெல்வெட் துணி மாதிரி மெல்லிய ஆரஞ்சு நிறத் துரு படர்ந்தால் போதும். அதிக நேரம் விட்டுவிட்டால் இரும்பில் குழி விழும்.

6. கொதிக்கவிடுவது: டிஸ்டில்டு வாட்டரில் 10 முதல் 20 நிமிடங்கள். குழாய்த் தண்ணீரில் உள்ள உப்புகள் திட்டை உண்டாக்கும் என்பதால் அது வேண்டாம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பாத்திரம் நல்லது. அந்தப் பாத்திரத்தைத் திரும்பச் சமையலுக்கு எடுக்கக் கூடாது.

7. துடைப்பது: உதிரியாக நிற்கும் கறுப்புப் பொடியைத் தலைமுடி அளவுக்கு மெல்லிய கம்பிகள் கொண்ட பிரஷ்ஷாலோ, மிக மெல்லிய 'நான்கு பூஜ்யம்' ரக ஸ்டீல் வுல்லாலோ மெதுவாக நீக்க வேண்டும். கடையில் வாங்கும் ஸ்டீல் வுல்லில் எண்ணெய் இருக்கும், அதையும் அசிட்டோனில் அலசித்தான் பயன்படுத்த வேண்டும்.

முதல் சுற்றில் கிடைப்பது வெறும் சாம்பல் நிறம்தான். 'என்னடா இது, இவ்வளவுதானா?' என்று தோன்றும். பொறுமை! நான்காவது படியிலிருந்து ஏழாவது படி வரை, ஆறேழு தடவை திரும்பத் திரும்பச் செய்த பிறகுதான் கறுப்பு ஆழமாகும். மேற்கொண்டு நிறம் மாறவில்லை என்றால் நிறுத்திவிடலாம்.

8. முடிப்பது: சமையல் சோடா கலந்த தண்ணீரில் ஒரு தடவை கொதிக்கவைத்தால் மிச்சமிருக்கும் அமிலம் செயலிழக்கும். பிறகு சூடு ஆறும் முன்பே எண்ணெயில் ஊறவைத்து, ஒரு நாளாவது தொடாமல் விட வேண்டும்.

வேறு முறைகள் இருக்கும்போது ஏன் இது?

கடையில் 'கோல்டு ப்ளூ' என்று ஒரு பாட்டில் கிடைக்கும். தடவிய உடனே கறுப்பாகும். செலினியம், தாமிர உப்புகள் கலந்த அந்தப் பூச்சு மிக மெல்லியது, கை பட்டுப் பட்டே தேய்ந்துவிடும். சின்னக் கீறலை மறைக்க மட்டும் சரி.

இன்னொன்று தொழிற்சாலைகளில் செய்யும் 'ஹாட் ப்ளூயிங்'. காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கலந்த கரைசலை 140 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி அதில் முக்குவார்கள். வேகமான முறைதான். தெறித்தால் தோல் வெந்துவிடும் என்பதால் வீட்டுக்கு லாயக்கில்லை. இரட்டைக்குழல் துப்பாக்கிகளில் குழல்களை ஈயப் பற்றுவைத்து இணைத்திருப்பார்கள். அந்தப் பற்றை இந்தக் காரக் கரைசல் அரித்துவிடும். அதனால்தான் இரட்டைக்குழல் துப்பாக்கிகளுக்கு இன்றும் ரஸ்ட் ப்ளூயிங்கையே நாடுகிறார்கள்.

ப்ளூயிங் செய்தால் துருவே பிடிக்காதா?

பிடிக்கும்! பலரும் ஏமாறுவது இங்கேதான். கறுப்புப் படலம் எண்ணெயைப் பிடித்துவைக்கும் ஒரு மேல்பரப்பு, அவ்வளவுதான். எண்ணெய் காய்ந்தால் பாதுகாப்பும் போச்சு. தொட்ட பிறகு வியர்வையைத் துடைத்து, மெல்லிசாக எண்ணெய் தடவிவைக்க வேண்டும். முக்கியமாக, தோல் உறையில் போட்டு வைக்கவே கூடாது. தோலைப் பதப்படுத்தச் சேர்க்கும் உப்புகளும், அது இழுத்துவைக்கும் ஈரமும் சேர்ந்து துருவை அழைத்து வந்துவிடும்.

நம்ம ஊரில் செய்யலாமா?

துப்பாக்கியில் வேண்டாம். 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். அதைத் தொழிலாகப் பழுதுபார்க்கவும் தனி லைசென்ஸ் வேண்டும். தாத்தா காலத்துத் துப்பாக்கி வீட்டில் கிடைத்தால், துருவைப் பற்றி யோசிப்பதற்கு முன் காவல் நிலையத்தில் தெரிவிப்பதுதான் முதல் வேலை. லைசென்ஸ் உள்ளவர்களும் அங்கீகாரம் பெற்ற ஆயுத டீலரிடம் கொடுப்பதே சரி.

ஆனால், இந்த முறை துப்பாக்கிக்கு மட்டுமானது இல்லை. துரு பிடித்த பழைய ஸ்பேனர், தச்சரின் இழைப்புளி பிளேடு, பழைய பூட்டு என எந்த இரும்புக்கும் பொருந்தும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அலுமினியம், பித்தளை ஆகியவற்றில் மட்டும் பலிக்காது. ரசாயனம் கலந்த வேலை என்பதால் தோசைக்கல், அரிவாள்மனை பக்கம் கொண்டுபோக வேண்டாம். தோசைக்கல்லில் இருக்கும் கறுப்பு வேறு. அது எண்ணெய் காய்ந்து காய்ந்து படிந்த பதம்.

ரசாயனமே இல்லாமல் பார்க்க ஆசையா? துரு பிடித்த ஒரு பழைய ஸ்பேனரைச் சோப்புப் போட்டுக் கழுவி, சமையலுக்கு வேண்டாம் என்று ஒதுக்கிய பாத்திரத்தில் கால் மணி நேரம் கொதிக்கவைத்துப் பாருங்கள். சிவப்பு கறுப்பாவது கண்ணெதிரே தெரியும். துடைத்து, எண்ணெய் தடவிவைத்தால் இன்னும் பல வருஷம் உழைக்கும். அடுத்த முறை துரு பிடித்த பழைய பொருள் எது கிடைத்தாலும், உப்புத்தாளைத் தேடுவதற்கு முன் அடுப்பைப் பற்றவையுங்கள்!