குறுந்தொடுப்பு

குறுந்தொடுப்பு என்பது நீண்ட இணைய முகவரிக்குப் பதிலாக நிற்கும் சிறு முகவரி. சுருக்க இணைப்பு, ஷார்ட் லிங்க் என்றும் சொல்வர். அதைச் சொடுக்கினால் உலாவி முதலில் சுருக்கித் தந்த தளத்தின் சர்வரிடம் போகிறது. சர்வர் தன் அட்டவணையில் அந்த ஐந்தாறு எழுத்துகளைத் தேடி, உரிய நெடுமுகவரியைச் சொல்லித் திருப்பிவிடுகிறது. இந்த விடையோடு வரும் எண்களில் 301 நிரந்தர இடமாற்றத்தையும் 302 தற்காலிக மாற்றத்தையும் குறிக்கும். 301 கிடைத்த உலாவி அதை நினைவில் வைத்து மறுமுறை நேரே போய்விடக்கூடும் என்பதால், சொடுக்குகளை எண்ண விரும்பும் தளங்கள் 302-ஐ நாடுவதுண்டு.

மேற்கண்ட எண்கள் 1996 மே மாதம் வெளியான எச்.டி.டி.பி. 1.0 ஆவணத்திலேயே உள்ளன. அதற்கு முந்திய ஆண்டு, நூலகக் கூட்டமைப்பான ஓ.சி.எல்.சி., பி.யூ.ஆர்.எல். என்னும் நிலைமுகவரித் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. நூற்பட்டியலில் ஏறிய முகவரி பின்னாளில் செத்துப்போகக் கூடாது என்பதே அதன் நோக்கம், சுருக்குவதன்று. எனவே அதைக் குறுந்தொடுப்பின் மூதாதையாகக் கொள்வோரும் உண்டு, கொள்ளாதோரும் உண்டு.

முதலில் சுருக்கியவர் யார் என்பதிலும் கருத்து ஒன்றுபடவில்லை. நிம்ராட் மெகிடோ, கெவின் மெக்கர்லி இருவரும் 2000 செப்டம்பரில் இதையொத்த உத்திக்குக் காப்புரிமை கோரி, 2005-ல் பெற்றனர். பொதுமக்களுக்கான சேவைகளில் 2001-ல் வந்த மேக்-எ-ஷார்ட்டர்-லிங்க் முந்தியது என்பர். எனினும் பெயர் நிலைத்தது டைனியூஆர்எல்லுக்கே. 2002 ஜனவரியில் அதை உருவாக்கிய கெவின் கில்பர்ட்சன் இணைய நிரலாளர். ஒற்றைச் சக்கர சைக்கிள் ஓட்டுபவரும்கூட. செய்திக்குழு மடல்களின் முகவரிகள் நீளமாகி வரி உடைந்தால் தொடுப்பும் உடைந்துவிடும். அந்த மடல்களைச் சுட்டிக்காட்டவே அவர் இதைச் செய்தார். பின்னாளில் கோடிக்கணக்கானோர் தொட்ட ஒரு வசதிக்கு வித்திட்டவர் ஒற்றைச் சக்கரக்காரர் என்பது பதிந்துவைக்கத் தக்கது.

2008 முதல் 2011 வரையிலான காலத்துக்குச் சான்றுகள் மிகுதி. காரணம் ட்விட்டர். குறுஞ்செய்தியின் 160 எழுத்துகளில் பயனர் பெயருக்கு 20 போக எஞ்சிய 140-க்குள் கருத்தும் முகவரியும் அடங்க வேண்டியிருந்தது. நியூயார்க்கின் பீட்டாவொர்க்ஸில் பிறந்த பிட்.லி 2008-ல் வந்தது. 2009 மேயில் ட்விட்டர் டைனியூஆர்எல்லை விட்டு அதற்கு மாறியது. பிட்.லி முகவரியின் கடைசியில் ஒரு கூட்டல் குறி சேர்த்தால், தொடுப்பு எங்கே போகிறது, எத்தனை பேர் சொடுக்கினர் என்பதெல்லாம் அப்போது தெரிந்தது. மூடிய பெட்டிக்கு வைத்த சிறு சன்னல் அது.

சிக்கல்களும் அதே காலத்தவை. 2009 ஜூனில் கிளி.க்ஸ் தளத்துக்குள் புகுந்த ஒருவர் 22 லட்சத்துக்கு மேற்பட்ட தொடுப்புகளை ஒரே பக்கத்துக்குத் திருப்பிவிட்டார். ஆகஸ்டில் ட்ர்.இம் என்ற சுருக்கித் தளம் கடையை மூடுவதாக அறிவித்து, எதிர்ப்பு எழவே பின்வாங்கியது. இத்தகைய அட்டவணைகளின் நகலைக் காத்துவைக்க இன்டர்நெட் ஆர்க்கைவ் 301வொர்க்ஸ் திட்டத்தை அவ்வாண்டே முன்வைத்தது. '.லி' லிபியாவின் நாட்டுக் குறியீடு என்பது 2010 அக்டோபரில் பலருக்கு உறைத்தது: விபி.லி என்ற சுருக்கித் தளத்தின் முகவரியை லிபியப் பதிவகம் பறித்துக்கொண்டது. உள்ளடக்கம் நாட்டுச் சட்டத்துக்கு முரண் என்றது பதிவகம். மிகக் குறுகிய பெயர்களை உள்நாட்டாருக்கு ஒதுக்கும் ஆசையே காரணம் என்று கருதியோரும் இருந்தனர். ட்விட்டர் தன் டி.கோ-வை 2011-ல் எல்லாத் தொடுப்புகள் மீதும் போர்த்தியது. இப்போது முகவரி எவ்வளவு குறுகினாலும் அங்கே 23 எழுத்தாகவே கணக்காகும்.

நிரலாளர்களின் தளமான கிட்ஹப் 2011-ல் வெளியிட்ட கிட்.ஐஓ என்னும் சுருக்கியில் தொடக்கத்தில் நிரப்ப ஒரு கட்டம்கூடக் கிடையாது. கட்டளைவரியில் 'கர்ல்' நிரலால் நெடுமுகவரியை அனுப்ப வேண்டும். வரும் விடையின் தலைப்பு வரிகளில் குறுமுகவரி இருக்கும். 2022-ல் புதியன ஏற்பது நின்றது.

ஆறெழுத்துச் சரத்தில் பெரிய, சிறிய ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் கலந்தால் ஏறத்தாழ 5,680 கோடி சேர்க்கைகள் அமையும். இது பாதுகாப்புக்குப் போதாது என்று 2016-ல் மார்ட்டின் கியோர்கியெவும் விட்டாலி ஷ்மாட்டிகாவும் காட்டினர்: சேர்க்கைகளைக் குருட்டாம்போக்கில் முயன்றே பிறரின் மேகக் கோப்புகளையும் வரைபட வழிகளையும் அவர்களால் எட்ட முடிந்தது. அவர்கள் எச்சரித்த பின் கூகுள் தன் வரைபடத் தொடுப்புகளை 11, 12 எழுத்துகளாக நீட்டியது.

தமிழில் இதன் தேவை வேறு வகையானது. முகவரியில் தமிழ் எழுத்துகள் குறியேற்றம் பெறும்போது 'தமிழ்' என்ற மூன்றெழுத்துச் சொல் 45 குறிகளாக நீள்கிறது. மின்னஞ்சலில் ஒட்டினால் விழுக்காட்டுக் குறிகளின் மந்தைதான் மிஞ்சும். இதற்காகத் தமிழ் விக்கிப்பீடியா டிஏடபிள்யூபி.இன் என்ற தன் சொந்தக் குறுமுகவரியைப் பயன்படுத்தியது. விக்கிமீடியாவின் பொதுச் சுருக்கி 2019-ல்தான் வந்தது.

2009-ல் தொடங்கிய கூகுளின் கூ.ஜிஎல் 2019-ல் முடிந்தது. பழைய தொடுப்புகள் 2025 ஆகஸ்ட் 25-க்குப் பின் இயங்கா என்றிருந்த அறிவிப்பை, பயன்பாட்டில் உள்ளவை நீடிக்கும் என்று நிறுவனம் அம்மாதத் தொடக்கத்தில் திருத்தியது.