உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் (வட சிலாங்கூர் தோட்டங்கள்)

நோய், காயம், அறுவை ஆகியவற்றால் தளர்ந்த உடலை அளவான பயிற்சியால் மீண்டும் வேலைக்கும் நடமாட்டத்துக்கும் கொண்டுவருபவர். தமிழ்நாட்டில் இயன்முறை மருத்துவர். பேச்சு வழக்கில் ‘பிசியோ’. மலேசியாவில் இத்தொழில் 2016ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின் கீழ் வருகிறது.

கோலசிலாங்கூர் வட்டாரத்தில் இவருக்கு வேலை வைப்பது பெரும்பாலும் செம்பனை. பெஸ்தாரி ஜெயா (பழைய பத்தாங் பெர்ஜுந்தை) அருகே தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடப்பட்டது. பெயர் தென்னைக்கு, புகழ் செம்பனைக்கு! மரம் உயர்ந்தபின் அறுப்பவர் நீண்ட கழி நுனியில் அரிவாளைக் கட்டி அண்ணாந்தபடியே இழுக்கிறார். விழும் குலை 20 கிலோவைத் தாண்டுவதுண்டு. கழுத்து, தோள், இடுப்பு எல்லாம் அடிபடும். உதிரிப்பழம் பொறுக்குபவருக்கோ முழங்காலும் முதுகும்.

லயத்தில் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில்) முதல் வைத்தியம் தைலம், சுளுக்கு வழிப்பது. வலி தணியும்; தசை வலுப்பெறாது. சிகிச்சையாளர் தொடங்கும் இடம் வேறு. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து 30 விநாடியில் எத்தனை முறை எழ முடிகிறது என்று எண்ணிக் கால் வலுவை அளக்கிறார். வீட்டுப் பயிற்சிக்குத் துண்டும் தண்ணீர் நிரப்பிய போத்தலும் போதும்.

பக்கவாதமும், நீரிழிவால் கால் இழப்பதும் இவர் வேலையில் இன்னொரு பகுதி. வேலையிடத்தில் காயமுற்ற சந்தாதாரர்களுக்குச் சொக்சோ (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) மலாக்காவில் மறுவாழ்வு மையம் நடத்துகிறது. தோட்டத்திலிருந்து அது தொலைவு. பயிற்சி பாதியில் நிற்பதற்குப் பயணமும் காரணமாகிவிடலாம்.