கக்கூசு என்று ஒரு சொல்

"ரீச்சர், கக்கூசுக்குப் போகட்டோ?"

ஏழாம் ஆண்டில் நான் இப்படிக் கேட்டதும் வகுப்பே சிரித்தது. "வெளியில போகட்டோ எண்டு கேளும்" என்று ரீச்சர் திருத்தினார். சொல்லைத் திருத்திக்கொண்டேன், அதன்பின் கேட்பதையே விட்டுவிட்டேன். பள்ளிக்கூடம் விடும்வரை தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பழகியது அந்த வருடத்தில்தான்.

அந்தச் சொல் அப்படி என்ன பிழை செய்தது? 'கக்குதல்' என்பதோடு அதைச் சேர்த்து விளங்கிக்கொள்பவர்கள் உண்டு. உண்மையில் அது ஒல்லாந்தச் சொல். அவர்கள் மொழியில் 'கக்' என்றால் மலம், 'ஹெய்ஸ்' என்றால் வீடு. 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர் 1795 வரை இங்கிருந்தார்கள். கந்தோர், லாச்சி, போஞ்சி எல்லாம் அவர்கள் விட்டுச்சென்றவையே. கந்தோருக்குப் போகிறேன் என்று சொல்ல எவரும் கூசுவதில்லை. முன்னர் வந்த போர்த்துக்கேயர் தந்தது குசினி. ஆக, சமிபாட்டுத் தொகுதியின் இரு அந்தங்களுக்கும் நாம் ஐரோப்பியரிடமே சொல் வாங்கியிருக்கிறோம்! ஒல்லாந்தர் ஆண்ட இந்தோனேசியாவிலும் 'கக்குஸ்' உண்டு, சிங்களத்தில் 'கக்குஸ்ஸி'.

இடத்தைக் குறித்த சொல் மெல்ல வேறு பொருள்களையும் ஏற்றது. கூட்டாத அறையைப் பார்த்து "இதென்ன கக்கூசோ?" என்று அம்மாமார் ஏசுவார்கள். எங்கள் வகுப்பில் "கக்கூசுக்குப் போறன்" என்றால் கணித பாடத்துக்கு ஒளிக்கிறேன் என்று பொருள். சோதனைப் புள்ளி குறைந்தவர்கள் அழுததும் அங்கேதான். வாளிக் கக்கூசுக் காலத்தில் வாளி எடுக்க வந்த தொழிலாளரையும் இச்சொல்லாலேயே இழித்தார்கள். சொல்லில் ஏறிய நாற்றம் பெரும்பாலும் அந்த இழிப்பிலிருந்து வந்தது என்பது என் எண்ணம். தமிழ்நாட்டில் மலம் அள்ளும் தொழிலாளரைப் பற்றித் திவ்யபாரதி எடுத்து 2017இல் வெளிவந்த ஆவணப்படத்தின் பெயரும் 'கக்கூஸ்' தான்.

மலசலகூடம், ரொயிலெற், வோஷ்ரூம் என்று பெயர் மாறிக்கொண்டே போகிறது. ரொயிலெற் என்பது பிரெஞ்சு மொழியில் முதலில் ஒரு சிறு துணியைத்தான் குறித்தது. துணிக்கும் கதி அதுவே ஆனது.

என் கிளினிக்குக்குச் சீருடையோடு வரும் பிள்ளைகளிடம் "சலம் போகேக்க எரியுதோ?" என்று கேட்டால் தாயைப் பார்ப்பார்கள். "பள்ளிக்கூடத்தில போறதில்லையோ?" என்றால் தலை குனிவார்கள். பெண்களின் சலவழி ஏறக்குறைய 4 சென்ரிமீற்றர் நீளம்தான். கிருமி சலப்பையை அடைவது எளிது. தண்ணீர் குடிக்காமல், மணிக்கணக்கில் அடக்கியும் வைத்தால் அது அங்கே பெருகும். மாதவிடாய் நாட்களில் பாடசாலைக்கே வராதவர்களும் இருக்கிறார்கள். நான் மாணவியாக இருந்தபோதும் இதே கதைதான்.

நூற்றாண்டுக் கட்டட நிதிக் கூட்டத்தில் நூலகத்துக்கும் மேடைக்கும் தங்கள் பெயரைக் கொடுக்கப் பலர் முன்வந்தார்கள். அடுத்த விடயம் வந்தபோது மண்டபம் அமைதியானது. வரைபடத்தில் அதற்கு 'சுகாதார வசதி அலகு' என்று பெயரிட்டிருந்தார்கள். எங்கள் பிரிவினர் அதைப் பொறுப்பேற்றோம். வாசற்பலகையில் என்ன எழுதுவது என்பது இன்னும் முடிவாகவில்லை. ஒவ்வொரு கதவுக்கும் உட்பக்கத் தாழ்ப்பாளும், உள்ளே தண்ணீர்க் குழாயும், மூடியுள்ள ஒரு வாளியும் வரைபடத்தில் இருக்கின்றனவா என்று மட்டும் இரண்டு தரம் பார்த்துக்கொண்டேன்.