ஆஸ்பத்திரி என்றாலே பயமா?

நோயை விட ஆஸ்பத்திரிக்குப் பயப்படுபவர்கள் நம் குடும்பங்களிலும் இருக்கிறார்கள். நாம் அதைக் கோழைத்தனம் என்று கேலி செய்கிறோம். அவர்களோ வலியை மறைத்து, நாளைக் கடத்தி, நோய் முற்றிய பிறகே சொல்கிறார்கள்.

இந்த அச்சம் உடலையும் பாதிக்கிறது. டாக்டரைக் கண்டதும் சிலருக்கு இரத்த அழுத்தம் கூடிவிடும். அவர்கள் சில நாட்கள் வீட்டில் அளந்து எழுதிய குறிப்பை டாக்டரிடம் காட்டலாம்.

ஊசியையோ இரத்தத்தையோ பார்த்தால் வேறு சிலருக்கு அழுத்தம் சட்டென்று இறங்கி மயக்கம் வரும். இவர்கள் கை, கால், வயிற்றுத் தசைகளை 10 முதல் 15 விநாடி இறுக்கி, பிறகு தளர்த்தி, அரை நிமிடம் கழித்து மீண்டும் இறுக்க வேண்டும். இப்படி 5 முறை செய்து வீட்டிலேயே பழகலாம். ஊசி போடும் கையை மட்டும் தளர்வாக விட வேண்டும். மயக்கம் வரும் என்பதை முன்பே சொல்லிவிட்டால் படுக்கவைத்தே ஊசி போடுவார்கள்.

"சேட்டை செய்தால் ஊசி போடச் சொல்வேன்" என்று பிள்ளைகளை மிரட்ட வேண்டாம். "வலிக்கவே வலிக்காது" என்ற பொய்யும் வேண்டாம். "கொஞ்சம் வலிக்கும், உடனே போய்விடும்" என்ற உண்மையே போதும்.

அப்படியும் அச்சம் சிகிச்சையைத் தடுத்தால், மனநல ஆலோசகரிடம் அழைத்துச் செல்வோம். பயப்படுபவருக்குக் கேலி மருந்தாகாது. கூடவே போகும் ஒருவர்தான் தேவை.