வாட்டும் புழுக்கலும்

சுட்ட இறைச்சி மிச்சப்பட்டால் என்ன ஆயிற்று என்று நம் இலக்கிய சரித்திரக்காரர்கள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. சங்கப் பாட்டில் ஊன் வந்துவிட்டால் அதைப் புரவலனின் கொடைக்குச் சாட்சியாக்கிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். புலால் மறுத்த பண்டிதர்களுக்கு அது சங்கடம், மறுக்காதவர்களுக்குப் பெருமை. இரு தரப்புக்கும் அது சாப்பாடாக இல்லை.

பொருநராற்றுப்படையில் கரிகாலனிடம் விருந்துண்ட பொருநன், இரும்புக் கம்பியில் கோத்துச் சுட்ட துண்டுகளைச் சூடு பொறுக்காமல் வாயின் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி ஒதுக்கித் தின்றதைச் சொல்கிறான். புறநானூறு 150இல் கண்டீரக் கோப்பெருநள்ளி, தன் ஆட்கள் வந்து சேருமுன் காட்டில் தானே தீக்கடைந்து, அவசரமாகச் சுட்டு, பசித்து வந்த வன்பரணருக்கும் கூட்டத்துக்கும் கொடுக்கிறான். இரண்டிலும் தீக்கும் வாய்க்கும் நடுவே அவகாசமே கிடையாது. இவை விருந்தாளியின் கவிதைகள். விருந்தாளி தின்றுவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவான். மறுநாள் என்பது வீட்டில் இருக்கிறவள் பாடு.

அந்த மறுநாளுக்குப் பக்கத்தில் வருகிறவர், எனக்குத் தெரிந்தவரை, கடியலூர் உருத்திரங்கண்ணனார். பெரும்பாணாற்றுப்படையில் உழவர் வீட்டில் கிடைக்கும் கோழிக்கறிக்கு அவர் சொல்லும் பெயர் 'வாட்டு'. பாலைநிலத்து எயிற்றியர் சமைப்பது 'வாடூன்', அதாவது உலர்ந்த இறைச்சி. இரண்டும் ஒரே வேர். வாட்டுவது என்றாலே உள்ளிருக்கும் நீரைப் போக்குவது என்று மொழிக்குத் தெரிந்திருக்கிறது. விஞ்ஞானமும் இதைத்தான் சொல்கிறது. 60 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டும்போது தசைநார்கள் சுருங்கித் தங்களுக்குள் இருக்கும் நீரைப் பிழிந்து தள்ளுகின்றன. முதல் தீ எடுத்தது போக மீதியிருப்பதை இரண்டாவது தீ எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் சுட்டதை மறுபடி சுட்டால் சக்கை.

எயிற்றியருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அவர்கள் கரம்பையைக் கிளறிப் புல்லரிசி சேர்க்கிறார்கள். நில உரலில் குற்றுகிறார்கள். ஆழக் கிணற்றில் ஊறும் உவர்நீரை மொண்டு, வாய் உடைந்த பழம்பானையில் ஊற்றி, முறிந்த அடுப்பில் ஏற்றுகிறார்கள். ஆக்கியதை வடிப்பதில்லை என்று ஒரு பொருள் கொள்கிறார்கள். அப்படியானால் வாடூனில் ஏற்கெனவே போய்விட்ட நீருக்குப் பதில் நீர் கொடுத்தாயிற்று, அந்த நீரும் வெளியே போகவில்லை. இந்தச் சோற்றுக்குப் பெயர் புழுக்கல். சுடுவதும் புழுக்குவதும் எதிரெதிரான வினைகள். முதல் வினை ஒன்றாக இருந்தால் இரண்டாவது மற்றதாக இருக்கவேண்டும் என்பது ஒரு ராஜாவைப் புகழ வந்த பாட்டில், வறுமையை விவரிக்கும் இடத்தில், பதிவாகியிருக்கிறது. வறுமையை மட்டும் நாம் படித்தோம்.

நான் குடியிருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரில் நீரை விரட்டுவதே ஒரு வித்தை. 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பால்கோவாவில் வேறென்ன இருக்கிறது? வேலைக்குப் போகும் ராஜபாளையம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். வேட்டைநாய்க்குப் பெயர்போன ஊர். 1972இல் வனவிலங்குச் சட்டம் வந்தது. மலையடிவாரக் காடு 1988இல் சாம்பல்நிற அணில்களுக்குச் சரணாலயமாகி, 2021இல் புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. நாய் 2005இல் தபால்தலையில் ஏறிக்கொண்டது. சுட்ட கறி மட்டும் போகவில்லை. பஜாரில் கண்ணாடிப் பெட்டிக்குள் கோழிகள் கம்பியில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைப் பொட்டலத்தில் பாதி பிரிட்ஜுக்குப் போகிறது. திங்கட்கிழமை அதைத் துண்டுதுண்டாகப் பிய்த்து, காய்ந்த தோசைக்கல்லில் போடுகிறார்கள். கம்பியில் நடந்த அநியாயம் கல்லிலும் நடக்கிறது.

பிய்க்கக்கூடாது, பிய்த்தால் நீர் போக நூறு வாசல். முழுசாகவே வாழையிலையில் வைத்து, ஒரு கரண்டி வெந்நீரோ நேற்றைய குழம்போ தெளித்துக் கட்டி, இட்லிப் பானையில் மூடி, சிறு தீயில் வைக்கவேண்டும். ஆவி நிறைந்த பானைக்குள் கறியின் மேல்பரப்பு உலர வழியில்லை. நடுவரை நன்றாகக் கொதிசூடு ஏறவேண்டும். ஒருமுறைதான், மறுபடி மிஞ்சினால் நாய்க்கு. கடையில் பூசிய மொறுமொறுப்பு திரும்பாது. அதைக் கேட்பது பேராசை.

வாசனை வேறு விவகாரம். வெந்த கறியின் கொழுப்பு காற்றுப் பட்டு ஒரே நாளில் சிக்குவாடை அடிக்கத் தொடங்கும்; கறியிலுள்ள இரும்புச்சத்து அதை விரைவுபடுத்தும். 1958இல் டிம்ஸ், வாட்ஸ் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் இதற்கு ஒரு பெயர் வைத்தார்கள். குழம்பில் முங்கிக் கிடக்கும் கறிக்கு இந்த ஆபத்து குறைவு, காற்று எட்டுவதில்லை. மிஞ்சியதைக் குழம்புக்குள் தள்ளிவிடும் நம் பெண்களுக்கு இந்தப் பெயர் தேவைப்பட்டிருக்காது.

மூடி பற்றிச் சொன்னேன். எயிற்றியின் பானைக்கு விளிம்பு உடைந்திருந்தது, எந்த மூடியும் அதில் சரியாக உட்கார்ந்திருக்காது. ஆவி ஒழுகும் பானைக்கு நீர் அதிகம் வேண்டும். ஊற்றோ உவர்நீர், அதுவும் ஆழத்தில்.